நானூற்றுப் பன்னிரண்டாவது ஊசி

பனியன் துணி பின்னுகிற மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நிட்டிங் ஃபிட்டர்களுக்கென்று போனில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நான் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இன்னும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க எவனுக்கும் தைரியம் வராது. பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் ஃபிட்டர் ஆனார்கள். போன வாரம் அதில் ஒரு தம்பி, "ஊசி செட் எத்தன மாசத்துக்கு ஒருக்கா மாத்தோணுங்க?" என்று கேட்டிருந்தார். ஒருவர் எட்டு மாதம் என்றார். இன்னொருவர் ஒரு வருடம் என்றார். எங்கள் கம்பெனியில் கேமரா மாட்டிவிட்டோம், துணியில் கோடு விழுந்தால் மிஷின் தானே நின்றுகொள்ளும், ஊசியைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதே இல்லை என்று வேறொருவர் பீற்றிக்கொண்டார்.

எனக்குப் போனில் எழுத்துத் தட்ட வராது. அதனால் நோட்டில் எழுதி, மருமகளைப் படம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன் நான். எழுத்துப் பிழைகளையும் அவள்தான் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் திருத்துவதற்கு அவளுக்கும் ஒன்றுமில்லை, குழுவில் இருப்பவர்களுக்கும் ஒன்றுமில்லை.

முதலில் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஊசியின் வயதை மாதத்தில் சொல்லக்கூடாது. அது எந்த நூலை இழுத்தது, எத்தனை வேகத்தில் இழுத்தது, எண்ணெய் எப்படிப் போனது, எத்தனை நாள் சும்மா நின்றது, இவ்வளவும் தெரிந்தால்தான் அதன் வயது தெரியும். நல்ல பருத்தி நூல் மட்டும் ஓடிய ஊசி ஒன்றரை வருடம் ஓடிய பிறகும் பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கும். சாயம் போட்ட நூல் ஓடியது ஆறே மாதத்தில் கிழடு தட்டிவிடும். சாய நூல் அரம் மாதிரி. கொக்கியின் உட்புறத்தில் நூல் படுகிற இடத்தில் மெல்லிய பள்ளம் விழும். அந்தக் கொக்கியை மூடித் திறக்கிற நாக்கு இருக்கிறதே, அது வந்த புதிதில் நேராக மட்டும்தான் ஆடும். பழசாகப் பழசாகப் பக்கவாட்டிலும் ஆட ஆரம்பிக்கும், கிழவன் பல் மாதிரி. ஊசியின் முதுகில் ஒரு முட்டு இருக்கிறது. மிஷினில் உள்ள மேடு பள்ளத்தில் அந்த முட்டு ஏறி இறங்கித்தான் ஊசி மேலும் கீழும் போகிறது. அதன் முனை தேய்ந்து வழவழவென்று கண்ணாடி போல மின்னும். மின்னுகிறதே, நல்லா இருக்கிறதே என்று நினைப்பவன் ஃபிட்டர் இல்லை. அந்த மினுமினுப்புத்தான் தேய்மானம்.

ஓடாமல் இருந்தாலும் ஊசி தேறாது. ஆர்டர் இல்லையென்று ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த மிஷினைத் திறந்து பார்த்திருக்கிறேன். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து நாக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு துரு ஏறிக் கிடந்தது. ஓடித் தேய்ந்ததைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம், கிடந்து கெட்டதைத் தூக்கித்தான் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஒரு மிஷினில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. எல்லாம் ஒன்றாகத் தேய்ந்தால் துணியில் ஒரு குறையும் தெரியாது. ஒரு வருடம் ஓடிய ஊசிகளுக்கு நடுவே, உடைந்த ஒன்றுக்குப் பதிலாகப் பாக்கெட்டைப் பிரித்துப் புத்தம் புது ஊசியைச் செருகினீர்களென்றால் ஆச்சு. அதன் முட்டு முழுசாக இருப்பதால் மற்ற ஊசிகளைவிட மயிரிழை அதிகமாக இறங்கி நூலை இழுக்கும். அந்த இடத்தில் நூல் வளையம், அதாவது கண்ணி, பெரிதாக விழும். வெள்ளைத் துணியில் தெரியாது. சாயத்துக்குப் போய் வந்ததும் மேலிருந்து கீழே ஒரே கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. கெட்ட ஊசியால் வருகிற கோட்டைவிட, நல்ல ஊசியால் வருகிற கோடுதான் அதிகம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். செட் மாற்றும்போது கழற்றுகிற ஊசிகளைப் பழைய இரும்புக்குப் போட விடமாட்டேன். நாக்கு ஆடாததாகப் பார்த்துப் பொறுக்கி, ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று தனித்தனி டப்பாவில் எண்ணெய் ஊற்றிப் போட்டு வைப்பேன். மிஷின் ஓடிய கணக்குக்கு ஏற்ற டப்பாவிலிருந்துதான் மாற்று ஊசி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரு தேய். கொக்கி நகத்தைப் பிறாண்டுகிற விதத்திலேயே அது எவ்வளவு ஓடியிருக்கிறதென்று சொல்லிவிடுவேன். பல்லடம் ரோட்டில் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினியர் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும் நான் நகத்தில் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அவர் என் கட்டைவிரலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வேலை கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. பஞ்சு பெருக்க வந்தேன், நூல் கோன் மாட்டினேன், மிஷின் ஓட்டினேன். ஒன்பது வருடத்தில் ஸ்பேனர் கைக்கு வந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எனக்கு மேலே இருந்தவர் நிட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன். அவரும் சொல்லித் தருகிற ஆள் இல்லை, கேட்கிற ஆள். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தப்புச் செய்தவனிடம் குரல் இன்னும் தணியும், மரியாதை இன்னும் கூடும். "ஏனுங்க, இது எப்படிங்க இப்படி ஆச்சு?" என்று அவர் கேட்டால், நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருக்கும். எதையும் வாய்ப்பேச்சில் நம்பமாட்டார். துணியைக் கையில் கொடுக்க வேண்டும். அதை முழங்கால் மேல் போட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

இனி நானூற்றுப் பன்னிரண்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். நேவி ப்ளூ ஆர்டர் ஒன்று. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ரோலுக்கு ரோல் ஒரே இடத்தில் கோடு. ஏழாம் நம்பர் மிஷின் துணி. அந்த மிஷினைப் பகலில் ஓட்டியவன் ஞானராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வேலம்பாளையத்தில் கம்பெனி பிடித்துக் கொடுத்த லைன் வீட்டில் மனைவி எஸ்தரோடும் ஒரே மகளோடும் இருந்தான். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் பத்தாவது. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

கோட்டுக்குக் காரணமான ஊசியைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. துணி மிஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்கும். அதை நீளவாக்கில் அறுத்து விரிப்பதற்காக ஓரிடத்தில் ஓர் ஊசியைக் கழற்றி வெற்றிடமாக விட்டிருப்போம். அந்த இடம்தான் விரித்த துணியின் ஓரம். அந்த ஓரத்திலிருந்து கோடு வரைக்கும் கண்ணி கண்ணியாக எண்ணிவிட்டு, மிஷினில் வெற்றிடத்திலிருந்து அத்தனை ஊசி எண்ணினால் குற்றவாளி கிடைத்துவிடுவான். லென்ஸை வைத்து, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். நூறுக்கு ஒரு பேனாப் புள்ளி. நடுவில் யாரேனும் பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. நான் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் அதேதான்.

மிஷினை நிறுத்தி எண்ணிக்கொண்டு போய் அந்த ஊசியில் விரலை வைத்தேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். சாயப்பட்டறை ஆள், துணியில் குறை பார்க்கிற செக்கிங் பெண்கள், மற்ற ஆப்பரேட்டர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"இந்தப் பக்கம் ஊசியில எவன்டா கை வெச்சது?" என்று கேட்டேன்.

ஞானராஜ் மறைக்கவில்லை. "நாந்தாண்ணே. போன வாரம் இந்தப் பக்கம் ஒண்ணு ஒடைஞ்சி போச்சி. நீங்க சாப்பிடப் போயிருந்திய. உங்க டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்து மாத்துனேன்."

ஆப்பரேட்டர் ஊசியில் கை வைக்கக் கூடாது என்பது என் சட்டம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீயெல்லாம் ஊசி மாத்தற அளவுக்கு வந்துட்டியா? எதைப் புடுங்கி எதைச் சொருகுனயோ! பாருங்க மொதலாளி, நான் எண்ணுனா எண்ணுனதுதான். இவன் வேலைங்க இது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"ஒரு வருசத்து டப்பாவுல இருந்துதாண்ணே எடுத்தேன். நகத்துல தேச்சிப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றான்.

"நகத்துல தேச்சானாமா" என்று நான் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஊசியை வெளியே எடுத்து என் நகத்தில் ஒரு தேய் தேய்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான், இனி ஊசியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். முதலாளி ஞானராஜிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்து, "ஆளை அனுப்பிச்சு உட்ருங்கண்ணா. வார ஞாயித்துக்கெளமைக்குள்ள ஊட்டையும் காலி பண்ணிரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் அன்றைக்குக் காலையில் வேறு யூனிட்டுக்குப் போயிருந்தார். மதியம் வந்ததும் நானே போய்ச் சொன்னேன், சிங்கத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டவன் மாதிரி. அவர் துணியைக் கேட்டார். கொடுத்தேன். முழங்காலில் போட்டார், இழுத்தார், சாய்த்தார். என் பேனாப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"நானூத்திப் பன்னெண்டுங்களா?"

"ஆமாங்க மாஸ்டர்."

"எண்ணுனதுல தப்பில்லீங்க." துணியை மடித்து என்னிடம் நீட்டினார். "எந்தப் பக்கத்த மேல வெச்சு எண்ணுனீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருடமாக எண்ணுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? துணியை மேஜையில் விரித்துப் பார்த்தேன். பனியன் துணிக்கு இரண்டு முகம். முன்முகத்தில் கண்ணிகள் கதிர் அடுக்கிய மாதிரி நேர்நேராக நிற்கும். பின்முகத்தில் அரைவட்டம் அரைவட்டமாகக் கிடக்கும். மிஷினுக்கு முன்னால் நிற்பவனுக்குத் தெரிவது முன்முகம். என் பேனாப் புள்ளிகள் அத்தனையும் அரைவட்டத்தின் மேல் இருந்தன. கோடு பின்முகத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது, அதனால் அதையே மேலே போட்டு எண்ணியிருக்கிறேன். துணியைத் திருப்பினால் இடது ஓரம் வலது ஓரமாகிவிடும். அப்படியென்றால் மிஷினில் வெற்றிடத்துக்கு இந்தப் பக்கம் எண்ணியிருக்கக் கூடாது. அந்தப் பக்கம் எண்ணியிருக்க வேண்டும்.

போய் எண்ணினேன். முந்நூறு தாண்டும்போதே அந்தப் பக்கம் ஊசி மாற்றியது யாரென்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் கொமரலிங்கத்தில் என் அக்கா பேத்திக்குக் காது குத்து. தாத்தன் முறைக்காரனே தாமதமாகப் போனால் மானம் போய்விடும் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது ஏழாம் நம்பரில் ஓர் ஊசி உடைந்தது. டப்பாக்கள் இருந்த அலமாரி பூட்டியிருந்தது. சாவி எடுக்கப் பொறுமையில்லை. பையில் கிடந்த பாக்கெட்டைப் பிரித்து ஒன்றைச் செருகினேன். நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போனவன் அடியோடு மறந்துவிட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு. வெளியே எடுத்தேன். நகத்தில் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. முட்டின் மூலை கத்தி மாதிரி நின்றது. பிறகு இந்தப் பக்கம் வந்து, பஞ்சுத் தூசி படியாததை அடையாளமாக வைத்து ஞானராஜ் போட்ட ஊசியையும் தேடி எடுத்தேன். அதற்கு இரண்டு பக்கமும் இருந்த ஊசிகளையும் எடுத்து மூன்றையும் நகத்தில் தேய்த்தேன். எது எது என்று கண்ணை மூடினால் எனக்கே சொல்ல முடியவில்லை. அவ்வளவு பொருத்தமாகப் பொறுக்கிப் போட்டிருந்தான்.

அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. என் ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டப்பாவிலிருந்து ஒன்றை மாற்றிவிட்டால் கோடு நின்றுவிடும். ஞானராஜ் போன பிறகு கோடு போய்விட்டது, ஆகவே அவன்தான் காரணம் என்று எனக்கு இன்னும் கொஞ்சம் பேர் கிடைக்கும். மாஸ்டர் கேட்டது ஒரு கேள்விதானே, அதற்கு மேல் கேட்கமாட்டார். இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் பொய். பத்தாவது படிக்கிற அந்தப் பெண்ணைத் தீபாவளிக்குக் கம்பெனியில் இனிப்புப் பெட்டி வாங்க வந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன். புத்தகப் பையோடு வந்திருந்தாள். அந்தப் பை கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போய்ச் சொன்னேன். என் இடத்தில் வேறு எவன் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான், இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

முதலாளி ஊசியை ஒரு பார்வை பார்த்தார். "சரி உடுங்கண்ணா. நமக்குள்ள இருக்கட்டும். ஃபிட்டர் தப்புன்னு வெளிய தெரிஞ்சா மத்தவனுக உங்களுக்கு அடங்குவானுகளா? வேற ஆப்பரேட்டர் போட்டுக்கலாம்."

"அவன் வரலீன்னா நானும் வரலீங்க மொதலாளி."

அவர் சிரித்தார். "போய்க் கூட்டியாங்க. போங்க."

சாயங்காலம் வேலம்பாளையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்த எஸ்தர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஏங்க, உங்க ஃபிட்டரண்ணன் வந்திருக்காவ. வீட்டுல எத்தன சாமான் இருக்குன்னு எண்ணிட்டுப் போறதுக்கா இருக்கும். நல்லா எண்ணுவாவல்லா?"

ஞானராஜ் வெளியே வந்தான். உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துணியைத் திருப்பிப் போட்டு எண்ணியதை, காது குத்தை, புது ஊசியை, எதையும் விடவில்லை. மகள் உள்ளே சுவரோரம் உட்கார்ந்து மடியில் புத்தகத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளிகிட்ட சொல்லிப்போட்டேன். நாளைக்கு வந்துரு கண்ணு. ஊடெல்லாம் காலி பண்ண வேண்டாம்."

எஸ்தர்தான் முந்திக்கொண்டு, "வாரேன்னு சொல்லுங்க, பிள்ளைக்குப் பரிச்சை இருக்கு" என்றாள். ஞானராஜ் என் பக்கம் திரும்பினான்.

"மொதலாளி ரூம்ல வெச்சித்தான சொன்னிய?"

"ஆமா."

"என்னைய எங்க வெச்சிச் சொன்னிய?"

"எல்லாரு முன்னாலயும்" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் சிரிச்சாவல்லாண்ணே. இப்ப நான் வந்தா, காலப் பிடிச்சிக் கெஞ்சி வந்துட்டான்னுதான் பேசுவாவ. எந்த எடத்துல வெச்சிச் சொன்னியளோ அந்த எடத்துல வெச்சிச் சொல்லுங்க. வாரேன். இல்லன்னா இந்த மூட்டைய நான் அவுக்கல."

வீட்டுக்கு வந்து படுத்தவன் தூங்கவில்லை. இருபது மிஷினுக்கு நடுவே, நான் போட்ட சத்தத்தில் நடுங்கிய பயல்களுக்கு முன்னால், எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஃபிட்டர் வேலைக்கு நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள் என்று கம்பெனிக்கே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காலையில் மாஸ்டரிடம் போய், "பத்து நிமிசம் மிஷினெல்லாம் நிறுத்தோணுங்க" என்றேன். உற்பத்தி நேரத்தில் ஒரு மிஷினை நிறுத்தவே நூறு கேள்வி கேட்பவர். எதற்கு என்று கேட்கவில்லை. தானே போய் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். இருபதும் நின்றதும் அந்த ஷெட்டில் காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்டது. அத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. விடியும்போதே ஆள் அனுப்பி ஞானராஜை வரச் சொல்லியிருந்தேன். அவன் வாசல் பக்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். எந்தப் பக்கத்தை எண்ணினேன், எந்தப் பக்கத்தை எண்ணியிருக்க வேண்டும் என்று காட்டினேன். இது நான் போட்ட ஊசி, இது ஞானராஜ் போட்ட ஊசி என்று இரண்டையும் செக்கிங் பெண்கள் கையில் கொடுத்தேன். "நேத்து நீங்கெல்லாம் சிரிச்சீங்க. நாந்தான் சிரிக்க வெச்சேன். அவன் போட்டது என்னைய விடப் பொருத்தமான ஊசி. தப்பு என்னுது" என்றேன். குரல் நடுவில் உடைந்துவிட்டது. உடைந்தது உடைந்ததுதான், அதை மறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எவனும் என்னைக் குறைவாகவும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அதே ஷெட்டில் என் பேச்சுத்தான் நடந்தது.

ஞானராஜிடமிருந்து ஏதாவது வார்த்தை வரும் என்று நின்றேன். சரிண்ணே என்றாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தான். என்னைத் தாண்டி ஏழாம் நம்பருக்குப் போனான். நூல் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தான். பிறகு பச்சைப் பட்டனை அமுக்கினான்.